வெண்டல் குலுக்கிப் பார்க்காத லோயர்

வெண்டல் ஹாகனுக்கு ஒரு துப்பாக்கி லோயர் விற்பதைவிடப் பசுமாட்டை மாடிப்படி ஏற்றுவது சுலபம் என்பார் என் கணவர் டெல்மர். விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், ஏரிக்கரையில் எங்கள் கடை. முன்பக்கம் மண்புழுவும் தூண்டிலுக்கான மீன்குஞ்சும், பின்பக்கம் துப்பாக்கி. வெண்டல் வந்தால் பின்பக்கத்தில் ஒரு மத்தியானம் போய்விடும்.

துப்பாக்கியைத் தாங்களே கோத்துக்கொள்கிறவர்களுக்குக் குழல், விசை, பிடி எல்லாம் தபாலிலேயே வீடு தேடி வந்துவிடும். லோயர் மட்டும் வராது. அது துப்பாக்கியின் கீழ்ப்பாதி, கையகல அலுமினியக் கூடு, உள்ளே ஒன்றுமே இருக்காது. ஆனால் எண் பொறித்திருப்பது அதன்மேல்தான் என்பதால் சட்டத்துக்கு அதுதான் துப்பாக்கி. அதற்குக் கடைக்கு வந்து படிவம் நிரப்ப வேண்டும். நாங்கள் அரசாங்க ஆபீசுக்குப் போன் செய்து, ஆள் சரியானவர்தான் என்று அங்கிருந்து சொன்ன பிறகே கையில் கொடுப்போம்.

வெண்டல் தன்னிடமுள்ள துப்பாக்கி மேல்பாதியை மனைவி கோரினின் மஞ்சள் துவாலையில் சுற்றிக் கொண்டுவருவான். இருக்கும் லோயர் ஒவ்வொன்றிலும் அதைப் பொருத்தி, காதருகே வைத்துக் குலுக்குவான். லேசாக ஆடினாலும் அது கழிவு. எழுத்து கோணலாக இருக்கிறதா என்று நகத்தால் தடவுவான். கடைசியில் எண்ணைப் பார்ப்பான். பதினாலில் முடிய வேண்டும், ஏனென்றால் அவன் ஓட்டியது பதினாலாம் நம்பர் பள்ளிப் பேருந்து. ஒரு குளிர்காலம் முழுக்கப் பதினாலுக்காகக் காத்திருந்து என் உயிரை வாங்கினான்.

பேருந்திலும் அதே கதைதான். இருபத்தாறு வருஷம் தினமும் வண்டியை இரண்டு முறை சுற்றிப் பார்க்காமல் கிளப்பியதில்லை. போன அக்டோபருக்கு முந்தின அக்டோபரில் ஒரு காலை, மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் பலகை பேருந்திலிருந்து நீட்டியிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. மேசி என்ற பத்து வயதுப் பெண் சாலையோரம் நின்று வெண்டலின் முகத்தைப் பார்த்தாள். வரலாம் என்று இவன் கையசைத்தான். பின்னாலிருந்து வந்த ஒரு வண்டி நிற்கவில்லை.

தப்பு அவன்மேல் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. மேசியைப் புதைத்த அவள் அம்மாவே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த நவம்பரில் மான் வேட்டைக்கும் போகவில்லை. டிசம்பரில் கோரின் வீட்டிலிருந்த ஒன்பது துப்பாக்கிகளையும் எங்களிடம் கொண்டுவந்தாள். வெண்டலும் கூடவே தூக்கிவந்தான், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதுசில்லை. கஷ்டகாலத்தில் இருப்பவனின் துப்பாக்கியை வாங்கிப் பின்னறைப் பெட்டகத்தில் பூட்டிவைப்போம், ஏன் என்று கேட்கமாட்டோம்.

ஒன்றை மட்டும் நாங்கள் எல்லோரும் மறந்தோம். அவன் பட்டறையில் ஓர் ஐஸ்கிரீம் வாளி நிறைய உதிரிகளும், துவாலையில் சுற்றிய அந்த மேல்பாதியும் கிடந்தன. லோயர் இல்லாதவரை அவற்றை யாரும் துப்பாக்கியாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. இதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ஏப்ரலில், ஏரியில் பனி உடைந்த வாரம், வெண்டல் கடைக்குள் வந்தான். நான் மீன்குஞ்சுத் தொட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அடேய் வெண்டல்! செத்துக்கித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்!" என்று டெல்மர் கத்தினார். அவருக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும்.

வெண்டல் சிரித்தான். "ஒரு லோயர் வேணும் டெல்மர்."

"அப்படிப் போடு! திரும்ப ஆரம்பிச்சிட்டியா? எந்தக் கம்பெனி?"

"ஏதாவது ஒண்ணு குடு."

டெல்மருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கைக்குக் கிடைத்ததை எடுத்துவைத்தார். வெண்டல் படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினான். டெல்மர் போன் செய்தார். இரண்டே நிமிஷத்தில் சரி என்று பதில் வந்தது. அவன்மேல் ஒரு வழக்கும் கிடையாது, மனசைச் சோதிக்கும் கருவி எதுவும் அந்த ஆபீசில் இல்லை.

நான் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தேன். மஞ்சள் துவாலையைக் காணோம். லோயர் அவன் முன்னால் கிடந்தது, அவன் அதைத் தொடக்கூட இல்லை. டெல்மரின் சட்டையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் இழுத்தேன்.

"குடுக்காத."

"லூசா நீ? அவன் பிழைச்சு எழுந்து வந்திருக்கான். துப்பாக்கி கோக்குறவன் அடுத்த வேட்டையப் பத்தி யோசிக்கிறான்னு அர்த்தம்."

"எண்ணப் பாத்தானா?"

"என்ன எண்?"

"பதினாலு இருக்கான்னு பாத்தானா? குலுக்கினானா? அவன் வெண்டல், டெல்மர்! வெண்டல் ஏதாவது ஒண்ணு குடுன்னு கேப்பானா?"

டெல்மர் திரும்பி அந்த லோயரைப் பார்த்தார். ரத்தம் வடிந்த மாதிரி முகம் வெளுத்தது. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. விற்கமாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த ஊர்க் கடைக்குப் போவான். அங்கே அவனை யாருக்குத் தெரியும்? அரைமணி நேரப் பயணம்தான். கடவுளே, நான் புழு விற்கிறவள், எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று உள்ளுக்குள் அழுதேன்.

பிறகு அலமாரியில் இருந்த ஆறு லோயரையும் அள்ளிவந்து அவன் முன் பரப்பினேன்.

"எது வேணும்?"

"அதான் டெல்மர் எடுத்துக் குடுத்தாச்சே."

"அவருக்கு என்ன தெரியும்? நீ பொறுக்கு. வழக்கமா என் பிராணன வாங்குவியே, இன்னைக்கும் வாங்கு. நீ ஒண்ணப் பொறுக்குற வரைக்கும் நான் எதையும் குடுக்கமாட்டேன்."

"ரோண்டா, விடு."

"எது ஆடுதுன்னு சொல்லு. எது கோணல்னு சொல்லு. எதையாவது திட்டு வெண்டல், கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் ஆறையும் வெகுநேரம் பார்த்தான். ஒன்றின்மேல் கை வைத்தான். தூக்கவில்லை.

"ஒரு தடவைக்கு எதுவா இருந்தா என்ன ரோண்டா," என்றான்.

டெல்மர் போய் வாசல் கதவைச் சாத்தினார். நான் கவுண்டரைச் சுற்றி ஓடி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மீன் நாற்றமடிக்கும் என் கையை அவன் உதறவில்லை.

"நான்தான் கையசைச்சேன்," என்றான். "என்னப் பாத்துத்தான் அவ ரோட்டுல இறங்கினா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்படியில்லை என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஊரே சொல்லி என்ன ஆயிற்று? டெல்மர் போன் செய்து, கோரின் தான் வேலைபார்க்கும் பள்ளிச் சமையலறையிலிருந்து ஏப்ரனோடு வந்து சேரும்வரை பிடியை மட்டும் விடாமல் நின்றேன். டெல்மர் அவன் வீட்டுக்குப் போய் வாளியையும் மேல்பாதியையும் எடுத்துவந்து பெட்டகத்தில் பூட்டினார். வெண்டல் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தான்.

வந்த பிறகு வியாழக்கிழமைதோறும் கோரின் அவனைக் கடையில் இறக்கிவிட்டுப் போவாள். நான் காப்பி கொடுத்து, இருக்கிற லோயர்களை முன்னால் வைப்பேன். விற்க இல்லை. "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்பான். ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு வியாழனும் அதே பதில். அதைச் சொல்லிவிட்டு அவன் கிளம்பும்போதெல்லாம் அடுத்த வியாழன் வருவானா என்று என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். டெல்மர் இப்போது யாரிடமும் சாவைப் பற்றிக் கேலி பேசுவதில்லை.

போன வாரத்துக்கு முந்தின வாரம் அவன் ஒன்றைத் தூக்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, நகத்தால் தடவினான்.

"இந்த எழுத்து கோணல்," என்றான். "இத எந்தக் குருடன் தலையில கட்டப்போற?"

"உன் தலையிலதான்."

"எனக்குக் கண்ணு இருக்கு தாயே." தள்ளிவைத்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தான். வாசலில் கோரினின் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். "பதினாலு வந்தா சொல்லு."

நான் தொட்டிப் பக்கம் போய், அதன் மோட்டார் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதேன்.

நேற்று புதுப் பெட்டி வந்தது. மூன்றாவது லோயரின் எண் பதினாலில் முடிகிறது. அதைக் காகிதத்தில் சுற்றி, டெல்மருக்குக்கூடச் சொல்லாமல், பெட்டகத்தின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். நாளை வியாழன். இன்னும் வரவில்லை என்றுதான் அவனிடம் சொல்லப்போகிறேன். பதினாலைக் கேட்க அடுத்த வாரமும் வருவான், அப்போதும் அதையேதான் சொல்வேன்.