பெரியக்கா விற்ற மீன்

அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வளைகுடாவில் துறைமுகம் வருவதற்கு முன்பிருந்தே அவளுடைய ஆட்கள் சிறு படகுகளில் போய் வலை போட்டு வந்தவர்கள். சட்டமும் அதை மறுக்கவில்லை. பூர்வகுடிகள் வீட்டுச் சமையலுக்கு மீன் பிடித்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. விற்க உரிமம் வேண்டும். உரிமம் முழுக்க ஒரு மீன்பிடிக் கம்பெனியின் விசைப்படகுகளிடம் இருந்தது.

ஒருநாள் காலையில் அப்படி ஒரு விசைப்படகு அவள் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. பிய்ந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"உரிமம் இல்லாத வலை எங்க கணக்குலயே கிடையாதும்மா. இல்லாத வலையை யாரு கிழிக்க முடியும்?"

இல்லாத வலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைக்க மட்டும் ஆளை அனுப்பினார்.

அவள் வக்கீலிடம் போனாள். "உங்க மேல கேஸ் போட்டாதான் கோர்ட்டுல உரிமையைப் பத்திப் பேச வழி உண்டு" என்றார் அவர்.

"அவ்வளவுதானே" என்றாள்.

மறுநாள் அந்த அலுவலக வாசலிலேயே மீன்கூடையோடு உட்கார்ந்தாள். வாங்குபவருக்கும் அபராதம் என்பதால் யாரும் கிட்டே வரவில்லை. வெயில் ஏறியது, ஈ மட்டும் வந்தது. மதியம் துறையின் காவலர் வெளியே வந்தார். அவர் அவளுடைய தங்கையின் கணவர்.

"வீட்டுக்குப் போங்க அண்ணி. நான் எதையும் பாக்கல."

"பாருங்க மாப்ள. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"வித்தாதானே குத்தம். சும்மா வச்சிருந்தா நான் என்ன பண்றது?"

"யாரும் வாங்க மாட்டேங்கறாங்களே."

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். காசு கொடுத்து வாங்கினார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு அவளைக் கைது செய்தார்.

நீதிமன்றத்தில், வழக்கில் தானும் சேர்ந்துகொண்ட கம்பெனியின் வக்கீல் காவலரை மடக்கினார். "குற்றத்தைத் தடுக்க வேண்டிய நீங்களே ஏன் வாங்குனீங்க?"

"வேற யாரும் வாங்கல சார்."

வழக்கு இழுத்தடித்து முடிந்தது. பிடிக்கிற உரிமைக்குள் விற்கிற உரிமையும் அடக்கம், விசைப்படகுகள் வளைகுடாவுக்குள் நுழையக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மறுநாளே அவை வளைகுடாவின் வாய்க்கு வெளியே வரிசையாக நின்றன. உள்ளே வரும் மீனில் பாதி அங்கேயே போனது. மீதி பெரியக்காவின் ஆட்களுக்கு விற்கக் கிடைத்தது. முன்பு அதுவும் இல்லை.

அதே வாரம் காவலரை மலைமேல் இருக்கும் ஓர் அணைக்கு மாற்றினார்கள். அந்த அணையில் மீனே கிடையாது. தீர்ப்பன்று முகத்தில் ஒன்றும் காட்டாத பெரியக்கா, தங்கை வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறியபோது வாசலில் நின்று அழுதாள்.

"ஜெயிச்சவ எங்கயாவது அழுவாளா?" என்றாள் தங்கை. "பீரோவை அந்தப் பக்கம் பிடி அக்கா. கனம் தாங்கல."

பெரியக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தாள்.