கிராம் பார்க்கிறவன்

"செருப்பைக் கழட்டு. பாக்கெட்டைக் காலி பண்ணு. அப்புறம் ஏறு."

எடைமேடைப் பக்கம் யார் வந்தாலும் அவன் இதைத்தான் முதலில் சொல்வான். பொறியியல் கடைசி வருடம். பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கொட்டகையில் பன்னிரண்டு மாணவர்கள் சேர்ந்து, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஒரு குட்டிக் காரைக் கட்டுகிறார்கள். ஒரு லிட்டரில் அதிக தூரம் போகும் காருக்குத்தான் பரிசு. என்ஜின் ஒருவனுக்கு, பேட்டரி ஒருத்திக்கு, எடையைக் குறைப்பது இவனுக்கு. சொந்தப் பெயர் போய் 'கிராம்' என்றே நிலைத்துவிட்டது.

நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனியை அறுப்பான். பிரேக் பெடலில் ஓட்டை போடுவான். கதவில் ஒட்டியிருந்த பல்கலைக்கழகச் சின்னத்தையே உரித்துவிட்டு, "நாலு கிராம் சார், சும்மாவா?" என்று பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். யாராவது ஒரு வாஷரைக் கூடுதலாகப் போட்டால் வீட்டில் திருடன் புகுந்ததுபோல் கத்துவான்.

காரை ஓட்டுபவள் பஞ்சு. அவனுக்கு ஒரு வருடம் இளையவள். குழுவிலேயே எடை குறைந்தவள் என்பதால் அந்தப் பெயரும் அந்த இருக்கையும் அவளுக்குக் கிடைத்தன. திங்கட்கிழமைதோறும் அவளையும் எடை போட்டு, பலகையில் எழுதுவான். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்து மூன்றரை.

"சபாஷ்! உன்னால மட்டும் ரெண்டரை கிலோ மிச்சம். எப்படிப் பண்ற?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. பசியே எடுக்கல."

அன்று கொட்டகையே கைதட்டியது. அவன்தான் முதலில் தட்டினான். அதை நினைத்தால் இப்போது அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

அடுத்த வாரம் அவள் மயங்கி விழுந்தாள். வயிற்றில் கட்டி. எடை நாற்பதுக்கு மேலே நின்றால்தான் அறுவைச் சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வாரா வாரம் என் கையாலதான் எழுதுனேன்மா," என்று அவள் அம்மாவிடம் அழுதான்.

"கூடவே இருந்த எனக்கே தெரியலப்பா. உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

இப்போது காரை வேறொருத்தி ஓட்டிப் பார்க்கிறாள். பஞ்சுவின் அளவுக்குச் செய்த இருக்கை அவளுக்கு இறுக்குகிறது. மாற்றலாம் என்றால், "இருக்கட்டும், பாக்கலாம்" என்று நழுவுகிறான்.

தினமும் காலையில் எடை பார்க்கும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறான். நேற்று முப்பத்தொன்பது கிலோ எண்ணூறு. இன்றும் நர்ஸ் எடைமேடையை இழுத்துப் போட்டாள். பஞ்சு சுவரைப் பிடித்தபடி வந்து, பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினாள்.

"கழட்டிட்டேண்ணா. பாக்கெட்டும் காலி," என்று சிரித்தாள்.

அவன் குனிந்து, அந்தச் செருப்புகளை எடுத்து, ஒவ்வொன்றாக அவள் காலில் மாட்டிவிட்டான்.