பொம்மைக்கு வைத்த கண்

நொச்சிக்குப்பத்தில் மீன் கூடை சுமக்காத பெண்கள் மிகக் குறைவு. கோவிந்தம்மா அவர்களில் ஒருத்தி. கல்யாணமாகி வந்த வருஷமே ஈர மணலில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. கூடையைத் தலையில் ஏற்றினால் கால் மரத்துப்போகும். சும்மா உட்கார்ந்து தின்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மயிலாப்பூர் கடைத்தெருவுக்குப் போய், கரீமுல்லாவின் தையல் கடை வாசலில் நின்றாள். அவர் ஒரு பழைய சட்டையைக் கொடுத்துக் காஜா எடுக்கச் சொன்னார். பொத்தான் நுழைகிற ஓட்டையின் விளிம்பை நூலால் நெருக்கமாகக் கட்டுகிற வேலை அது. அவள் கட்டியதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீன் வாசனை இல்லாம கொண்டாந்தா வேல உண்டு" என்றார்.

"நான் மீன் விக்கிறதில்ல பாய். துன்றதோட சரி."

"துன்னுட்டுக் கையக் கழுவு. அது போதும்."

அன்று தொடங்கிய வேலை. வக்கீல்களின் சட்டைகளும் குமாஸ்தாக்களின் கோட்டுகளும் குப்பத்துக் குடிசைக்கு வந்து காஜாவோடு திரும்பிப் போயின. வெட்டுத் துணிகளை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று கரீமுல்லா சொல்லியிருந்தார். மகள் செண்பகத்தின் பாவாடைக்கு எப்போதும் ஊரில் இல்லாத கரை ஒன்று இருக்கும்.

1934 பங்குனியில் குப்பத்தில் பெரியம்மை இறங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்துகிறவர் வந்து வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தார். குத்தின இடம் சீழ் வைத்துப் பிள்ளை சுருண்டுவிடும் என்று பேச்சு. மற்ற பெண்களைப் போலவே கோவிந்தம்மாவும் மகளை வலைக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். செண்பகத்துக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது.

இப்போது அந்த ஏழு வயசுப் பிள்ளை வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சி வரை முத்து. கோவிந்தம்மாவின் கணவன் தணிகாசலத்துக்கு ஓர் அக்கா. பெயர் அங்காளம்மாள். அவள் பக்கத்துக் குடிசையிலிருந்து வந்து வீட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். தாளிக்கக் கூடாது. மீன் கூடாது. தணிகாசலம் சவரம் செய்யக் கூடாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி கூடாது. பிள்ளையின் உடம்பில் மாரியாத்தா வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் குத்துகிற ஒவ்வொரு குத்தும் அவள் மேல்தான் விழும்.

"ஊசி டப்பாவக் குடு" என்றாள் அங்காளம்மாள்.

"பாய் சட்டைங்க முடியாம கீதுக்கா."

"ஆத்தாளே வந்து குந்திக்கினு கீறா, இவளுக்குச் சட்டையாம். குடுடி."

டப்பாவைக் கொடுத்தாள். முந்தானையில் குத்தியிருந்த ஒன்று மட்டும் அவளிடமே இருந்துவிட்டது. அப்போது அவளுக்கே அது நினைவில்லை.

அம்மையில் காய்ச்சலைவிடப் பெரிய கொடுமை அரிப்பு. செண்பகம் தூக்கத்திலேயே முகத்தைப் பிறாண்டிக்கொண்டாள். கைகளைத் துணியால் கட்டினால் கட்டை உதறிவிட்டு அலறினாள். வேப்பங்கொத்தால் வருடி வருடிக் கோவிந்தம்மாவின் தோள் கழன்றுவிட்டது. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் முகத்துக்குப் போகாது என்று அவளுக்குத் தோன்றியது. லஸ் பக்கத்துப் பங்களா வாசலில் ஒரு பெண் குழந்தை வைத்திருந்த பொம்மையைப் பார்த்துவிட்டுச் செண்பகம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது உண்டு.

முந்தானை ஊசியைத் தடவிப் பார்த்தாள். வீட்டுக்குள்தானே கூடாது என்று நினைத்தாள். கடற்கரையில் கட்டுமரத்து நிழலில் வேப்பிலையும் இல்லை, ஆத்தாளும் இல்லை. பிள்ளை கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் துணி மூட்டையோடு அங்கே போய் உட்கார்ந்தாள். கணவனின் பழைய வேட்டியைக் கிழித்து உடம்பு, கை, கால் எல்லாவற்றுக்கும் பட்டை பட்டையாக வெட்டினாள். ஒவ்வொன்றையும் குழலாகத் தைத்து, கோட்டுத் தோளுக்கு வைக்கிற பஞ்சை உள்ளே திணித்தாள். கழுத்தை நூலால் இறுக்கினாள். கறுப்பு நூலைப் பிரித்துக் கூந்தலாக்கிப் பின்னிவிட்டாள். பச்சைச் சீட்டித் துணியில் பாவாடை, அதற்குச் சுருக்கம், இடுப்பில் நாடா. சிவப்புத் துண்டில் சட்டை. விரல் நுழையாத அந்தச் சட்டைக் கையைத் திருப்பித் தைக்க ஒரு கோட்டுக்கு ஆகிற பாடு ஆயிற்று.

பொம்மை கைக்கு வந்ததும் செண்பகத்தின் விரல்கள் முகத்தை விட்டன. பாவாடை நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகக் கிடந்தாள். அங்காளம்மாள் அதைப் பார்த்தாள்.

"எங்கெந்து வந்தது இது?"

"பழசுக்கா. மூட்டையில கெடந்தது."

சாயங்காலம் நாத்தனார் தண்ணீருக்குப் போனபோது செண்பகம் பொம்மையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். இமைகள் வீங்கிக் கீற்றளவுதான் திறந்திருந்தன.

"எம்மா, இதுக்குக் கண்ணு இல்லியே. எப்டி என்னப் பாக்கும்?"

"காலைல வெச்சித் தரேன்."

"இப்பவே வையி. இல்லாங்காட்டி எனக்கு வேணாம்." கை மறுபடியும் கன்னத்துக்குப் போயிற்று.

கடற்கரைக்குப் போய்வர நேரமில்லை. கோவிந்தம்மா ஊசியை உருவினாள். பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, காஜா கட்டுகிற அதே நெருக்கமான தையலில், கறுப்பு நூலால் இரண்டு வட்டம் கட்டினாள். செண்பகம் அதைப் பார்த்து, "முழிக்குது" என்றாள்.

காய்ச்சல் இறங்கியது, முத்துக்கள் வாடின, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியில் இமைகள் பிரிந்தபோது இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. செண்பகம் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

பிள்ளையின் தலைமாட்டில் ஊசி எடுத்ததைக் கோவிந்தம்மா தானாகவே நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் அவளால் மூச்சுவிட முடியவில்லை. அங்காளம்மாள் அடிக்கக்கூட இல்லை. பொம்மையை வாங்கி, அந்த இரண்டு வட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கண்ணுல குத்திக்கீறியேடி. வேற எங்கியும் எடம் கெடைக்கலியா உனுக்கு?"

அன்றிலிருந்து மனைவி போட்ட சோற்றைத் தணிகாசலம் தொடவில்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டான்.

அங்காளம்மாள் கோயில் பூசாரியிடம் போய் வழி கேட்டு வந்தாள். குத்தினவளே குத்தினதைப் பிரிக்க வேண்டும். ஒரு இழை மிச்சமிருக்கக் கூடாது. பிரித்ததை மறுபடி தைக்கவே கூடாது. அப்போது ஆத்தாள் மனம் இரங்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கோவிந்தம்மா வாசலில் உட்கார்ந்தாள். செண்பகத்திடமிருந்து பொம்மையைப் பிடுங்க வேண்டியிருந்தது. முதலில் கண்கள். நெருக்கமாகக் கட்டின தையல் சுலபத்தில் வரவில்லை. இழையை நகத்தால் கிளப்பிப் பல்லால் இழுத்தாள். பிறகு கூந்தல், பாவாடைச் சுருக்கம், சட்டைக் கை, உடம்பு. "என்னா பண்ற எம்மா, குடு எம்மா" என்று பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. மடியில் நூலும் பஞ்சும் துணியுமாக ஒரு குவியல் சேர்ந்தது.

அங்காளம்மாள் செண்பகத்தின் முகத்தை நிமிர்த்திச் சூரியனுக்குக் காட்டினாள். "இன்னா தெரீது கண்ணு? சொல்லு, இன்னா தெரீது?"

"வெய்யில் சுடுது அத்த."

பார்க்கக் கூடியிருந்த குப்பத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எங்காவது ஒரு இழை உள்ளேயே நின்றிருக்கும் என்று அங்காளம்மாள் சொன்னாள். கோவிந்தம்மா துணிகளை வெளிச்சத்தில் பிடித்து அந்தி வரை இழை தேடினாள்.

அதன் பிறகு அவள் ஊசியைத் தொடவில்லை. கரீமுல்லாவின் சட்டைகள் காஜா எடுக்காமலே திரும்பிப் போயின. எடுத்துப் போனவரிடம் அவர் காரணம் கேட்டனுப்பினார், பதில் போகவில்லை. கோவிந்தம்மா கூடை தூக்கத் தொடங்கினாள். சாந்தோம் தெருவில் கால் மரத்துப்போய், கூடையோடு சுவரில் சாய்ந்து நிற்பாள். அவளைத் தெரிந்த பெண்கள் நிற்காமல் கடந்து போவார்கள்.

செண்பகம் அந்தத் துணிகளை யாருக்கும் கொடுக்கவில்லை. சுருட்டித் தலைக்கடியில் வைத்துப் படுத்தாள். ஒரு மத்தியானம் அம்மா கூடையை இறக்கும் சத்தம் கேட்டு, தடவித் தடவிக் கிட்டே வந்தாள்.

"தைக்க வேணாம் எம்மா. எது எதுன்னு மட்டும் சொல்லு. நானே வெச்சிக்கினு ஆடறேன்." ஒரு பட்டையை நீட்டினாள். "இது கையா, காலா?"

பஞ்சு போன பிறகு எல்லாப் பட்டைகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. கோவிந்தம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.