பேண்ட் வராத நாட்கள்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. தெருவுக்கெல்லாம் அவர் மடிப்பு. பன்னிரண்டு வருஷமாக ஒரே கடையில் இஸ்திரி போடுகிறவர். அவர் தேய்த்த பேண்டின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம் என்று பேங்க் சார் ஒருநாள் கேலியாகச் சொல்ல, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மடிப்புக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். சட்டையை எவன் வேண்டுமானாலும் தேய்ப்பான், பேண்டில்தான் தொழில்காரன் யாரென்று தெரியும் என்பது அவர் கட்சி.

அப்புறம் காய்ச்சல் வந்தது. அவருக்கு இல்லை, ஊருக்கு. ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் பட்டாலே தொற்றும் என்றார்கள். முதலில் ஆபீஸ்களை மூடினார்கள். ஆபீஸை மூடினால் ஆபீஸ்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், அவ்வளவுதானே என்று மடிப்பு நினைத்தார். மறுநாள் எதிர்த்த டீக்கடை அடுப்பு அணைந்தது. அந்த வாரமே ஆபீஸ்காரர்களை ஏற்றிப்போகிற வேன்காரர் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். லாரி ஓடவில்லை என்று கரி விலை இரண்டு மடங்கானது. வேலையே இல்லாதபோது கரி விலை எதற்கு ஏறுகிறது என்று மடிப்புக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதிலும் இஸ்திரிப்பெட்டி ஒரு ஈவிரக்கமில்லாத ஜந்து. நாற்பது சட்டை தேய்க்கவும் பெட்டி நிறையக் கரி வேண்டும், நாலு சட்டை தேய்க்கவும் பெட்டி நிறையக் கரி வேண்டும்.

பொருளாதாரம் சுருங்கிவிட்டது என்று டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுருங்கினா என்னம்மா? இங்க கொண்டு வந்து போடச் சொல்லு, தேய்ச்சுக் குடுத்துடறேன்" என்றார் மடிப்பு, மகளிடம். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் சிரிக்கவில்லை. கடைக்கு மூன்று மாத வாடகை நிற்பது அவளுக்கும் தெரியும்.

குழப்பத்திலே பெரிய குழப்பம் இனிமேல்தான். மடிப்பின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். எந்தக் காய்ச்சல் அவர் வரும்படியைத் தின்றதோ, அதே காய்ச்சல் அவளுக்கு இரட்டைச் சம்பளம் தருகிறேன் என்று வந்து நின்றது. காய்ச்சல் வார்டில் அறுபது நாள் அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். கூடுதல் பணம் கடைசியில் மொத்தமாகக் கைக்கு வரும். ஒருநாள் முன்னால் கிளம்பினாலும் அதில் ஒரு பைசா கிடையாது.

"நீ போகவே கூடாது" என்றார் மடிப்பு.

"போகலைன்னா வாடகை?"

"கடையை விட்டுடறேன்."

"விட்டுட்டு? வீட்டுல உக்காந்து என்னத்தைத் தேய்ப்பீங்க?" என்றாள் அவள். "கடை ஓனர் அட்வான்ஸையும் எடுத்துக்கிட்டு வேற ஆளைப் பாத்துக்குவார். பன்னெண்டு வருஷ வாடிக்கை போயிடும். அறுபது நாள்தானேங்க, கண்ணை மூடிக் கண்ணைத் திறக்கறதுக்குள்ள ஓடிடும்." அந்த வீட்டில் எப்போதும் முடிவு எடுப்பவள் அவள்தான். எடுத்தாள். இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு போனாள். கடை ஓனரிடமும் அவளே பேசி அறுபது நாள் தவணை வாங்கிவிட்டுத்தான் போனாள்.

அன்றிலிருந்து மடிப்புக்குச் சாமி கும்பிடுவதே பெரிய பாடாகிவிட்டது. காய்ச்சல் ஒழியட்டும் என்று கண்ணை மூடுவார். அது இப்போதே ஒழிந்தால் வார்டை மூடிவிடுவார்கள், பணம் வராது என்று உடனே தோன்றும். அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று வேண்டுவதா? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ஆளா நாம் என்று தன் மேலேயே கோபம் வரும். கடைசியில் எதையும் கேட்காமல் எழுந்துவிடுவார். கடவுளுக்காவது புரிந்திருந்தால் சரி.

ஒரு மாதம் கழித்து துணி மெல்ல வர ஆரம்பித்தது. பேங்க் சார் வீட்டிலிருந்து ஐந்து சட்டை. இன்ஷூரன்ஸ் அம்மா வீட்டிலிருந்து நாலு. மாடிவீட்டு மேனேஜரிடமிருந்து ஆறு. மூட்டையை அவிழ்த்து உதறிப் பார்த்தார். பேண்ட் ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரமும் சட்டை, சட்டை, சட்டை.

தொழில்காரன் புத்தி தொழிலைத்தானே சுற்றும்? எவனோ ஒருவன் பக்கத்தில் புதிதாகக் கடை போட்டிருக்கிறான், நம் சட்டையை நமக்கு விட்டுவிட்டு பேண்டை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறான் என்று முடிவு கட்டினார். 'பேண்ட் பாதி விலை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஈ காக்கை வரவில்லை. நாலு தெரு நடந்து கரிப்புகை எங்கே வருகிறது என்று மோப்பம் பிடித்தார். பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. எதிரி கண்ணில் படவில்லை.

பொறுக்க முடியாமல் பேங்க் சார் வீட்டு மணியையே அடித்துவிட்டார்.

"சார், பன்னெண்டு வருஷப் பழக்கம். மறைக்காம சொல்லுங்க. பேண்டை யார்கிட்ட போடறீங்க?"

கதவைப் பாதி திறந்து நின்ற சார் விழித்தார். மேலே மடிப்பு தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. கீழே சாயம் போன அரைக்கால் டவுசர். "பேண்டா? இப்ப எதுக்குப்பா பேண்ட்?" என்றார். உள்ளே கம்ப்யூட்டரில் யாரோ அவர் பெயரைக் கூப்பிட, "மீட்டிங்ப்பா, மீட்டிங்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மடிப்பு வாசற்படியில் நின்றபடியே யோசித்தார். டை கட்டியிருக்கிறார், ஆனால் பேண்ட் வேண்டாமாம். சம்பளத்தில் பாதி பிடித்துவிட்டார்களோ? மனுஷன் பேண்டை எல்லாம் விற்றுவிட்டாரோ? பாவம், வெளியில் சொல்ல முடியுமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மகள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா! அவங்கல்லாம் வீட்டுலேருந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கறாங்க. இடுப்புக்கு மேலதான் தெரியும். கீழ என்ன போட்டிருந்தா யாருக்கு என்ன?"

ஒரு நிமிஷம் ஆனது அவருக்கு அது உள்ளே இறங்க. அப்புறம் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மேனேஜரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாரா, டிவி கோட்டுக்காரரும் டவுசரில்தானா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாதக்கணக்கில் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே போன் அடித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம். அன்று நாற்பத்தெட்டாவது நாள்.

"என்ன, அப்பாவும் பொண்ணும் ஒரே கொண்டாட்டமா இருக்கு?" என்றாள் அவள். வழக்கம்போல நீலநிற வேலைக்கோட்டு, பின்னால் வெள்ளைச் சுவர்.

மடிப்பு மூச்சு வாங்க வாங்க கதையைச் சொன்னார். அவளும் சிரித்தாள், சிரிப்போடு இருமினாள். அந்தச் சூட்டிலேயே மடிப்பு கேட்டார்: "ஆமா, நீ எப்படி? நீயாவது கீழ ஒழுங்கா உடுத்தியிருக்கியா? எங்க, போனை இறக்கு பாப்போம்."

வெறும் விளையாட்டுக்குத்தான் கேட்டார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதெல்லாம் வேண்டாங்க."

தேய்க்கிறவர் கண்ணில் அப்போதுதான் அந்தக் கோட்டின் காலர் பட்டது. இடதுபக்கம் நாய்க்காது போல மடங்கியிருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. முந்தாநாளும். வார்டில் தினம் ஒரு கோட்டு மாற்றியே ஆகவேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"இறக்கு" என்றார். இப்போது குரலில் விளையாட்டு இல்லை.

போன் மெல்ல இறங்கியது. கோட்டு தோளில் சும்மா போர்த்தியிருந்தது. அடியில் நோயாளிகளுக்குக் கொடுக்கிற பச்சை அங்கி. இடுப்புவரை கம்பளி. கம்பளி மேல் இருந்த கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.

"எப்போலேருந்து?"

"பத்து நாளா. இப்பப் பரவாயில்லைங்க. முந்தாநாளே காய்ச்சல் விட்டுடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ஓடி வந்து வாசல்ல நிப்பீங்க. உள்ள விடமாட்டாங்க. நீங்க அங்க நின்னு அழறதை நான் இங்க படுத்துக்கிட்டு நினைக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளன்னிக்கு டாக்டர் விட்டுடுவார். அப்புறம் வீட்டுக்கும் வரலாம், திரும்ப வார்டுக்கும் போகலாம். ஒருதடவை வந்தவங்களுக்கு உடனே வராதுன்னு சிலர் சொல்றாங்க, அப்படியெல்லாம் நம்ப முடியாதுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

இருபத்தோரு வருஷத்தில் அவள் அவரிடம் முடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வா. அது தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அதோடு கடை வந்தது, அட்வான்ஸ் வந்தது, நாற்பத்தெட்டு நாளும் வீணா என்ற கேள்வி வந்தது. வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறொன்று.

"இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

அவள் எப்போது திரும்பி வருவாள் என்கிற ஏக்கத்தில் கேட்டாரா, பணம் எப்போது வரும் என்று கேட்டாரா? அவரையே பிடித்து உலுக்கினாலும் பதில் வராது. அவருக்கே தெரியாது.

அவள் கோட்டை மறுபடி தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இருபத்திரண்டு."

"பன்னெண்டுதானே வரணும்?"

"படுத்த நாளைச் சேர்க்க மாட்டாங்களாம்" என்றாள். "சரி, முடிச்சுட்டே வந்துடறேன். வேளைக்குச் சாப்பிடுங்க."

மடிப்பு தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா, போனில் அவளுக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.