பெரட்டில் நிறுத்தி எண்ணிய ஆட்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்தது முன்பின்னாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நாட்டிலுள்ள ஆட்களைக் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்றதும் என் பேத்தி போன் எடுத்துப் பேசினாள். அவள் வெளியூரில் தங்கி ஆசிரியர் வேலைக்குப் படிக்கிறாள்.

"அப்பாயி, அவங்க வாறப்ப வீட்டுல நீங்கதான் இருப்பீங்க. என்ன இனம்னு கேப்பாங்க. மலையகத் தமிழர்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க."

"எதைச் சொன்னா என்ன புள்ள? சோறு ஒன்னுதானே."

"சோறு இல்ல அப்பாயி, பள்ளிக்கூடம், காணி, நமக்குன்னு பேச ஒரு ஆளு. நாம இத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தான் கேக்க முடியும். நம்ம ஆளுங்களே மாத்தி மாத்திச் சொல்லித்தான் நாம கொறஞ்சு போயிட்டோம்."

அவள் அவ்வளவு கெஞ்சிக் கேட்டதால், அடுப்பு ஊதும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வந்தவர் ஒரு சிங்கள மிஸ், சின்ன வயசு. அன்று ஞாயிற்றுக்கிழமை. மகன் கொழும்பில் வேலை செய்கிறான். மருமகள் சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போயிருந்தாள். வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் முறையாம். எங்கள் தோட்டத்தில் அப்படி நடக்காது. வெளியாள் யார் வந்தாலும் தோட்டத் தலைவர் முன்னால் வந்து நிற்பார், எங்கள் எல்லாருக்கும் அவரே பேசுவார். கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பரா வாசலில் நாற்காலி போட்டு, பால் தேத்தண்ணி கொடுத்து மிஸ்ஸை உட்கார வைத்துவிட்டார். எங்களைக் காலைப் பெரட்டில் வேலை பிரிக்க நிறுத்துவது போல வரிசையில் வரச் சொன்னார். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. வரிசை என்றால் எங்கள் கால்கள் தாமாகப் போய் நிற்கின்றன. அதை நினைத்தால் முதலில் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் என் காதில் சொன்னாள்: "அக்கா, கொழுந்து நிறுக்கறப்ப கூடைக்குக் கழிவு, தண்ணிக்குக் கழிவுங்கிறாங்க. ஆளை எண்ணுறப்பவும் கழிப்பாங்களோ?"

"ஒன்னைக் கழிச்சா ரெண்டாளு கொறையும்டி" என்றேன். அவள் பருமனானவள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என் முறை வந்தது. பெயர், வயது, பிள்ளைகள் எல்லாம் தலைவரே சொன்னார். இனம் எது என்று மிஸ் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் தலைவர் சிங்களத்தில் இலங்கைத் தமிழர் என்று சொல்லிவிட்டார். அது வடக்கு, கிழக்குத் தமிழர்களுக்கு உள்ள பேர்; நாங்கள் தேயிலை வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம். கடைத்தெருவில் பழகிய சிங்களம் எனக்கும் கொஞ்சம் விளங்கும்.

"தலைவரே, நாங்க மலையகம்னு..."

"சும்மா இரு கெழவி. மலையகம்னு போட்டா தோட்டக்காட்டான்னு டவுன்ல மூஞ்சியச் சுளிப்பானுங்க. ஓம் பேத்திக்கு வேலை கெடைக்க வேணாமா? எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்பித் தண்ணீர் ஓடும் கானில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அதில் கொஞ்சம் என் காலில் தெறித்தது. நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். ஆமாம், ஆட்டினேன்.

இவருடைய அப்பாவும் தலைவராக இருந்தவர்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று பேச்சு. என் இரண்டாவது பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். என்ன காரியம் என்று விளங்கச் சொல்லாமல், ஏழெட்டுப் பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் அந்த மனிதர். அன்றைக்கும் வரிசையில்தான் நின்றோம். திரும்பி வரும்போது சாக்கில் கிடந்த கொழுந்து வாடையும் மருந்து வாடையும் கலந்து சேலையில் ஒட்டிக்கொண்டது. அங்கே கத்தி வைத்த பிறகு எனக்குப் பிள்ளை இல்லை. அப்பன் எங்களைப் பெருகக் கூடாது என்றார். மகன், இருக்கிறவர்களையே வேறு ஆளாக எழுத வைக்கிறார். இரண்டு பேருக்கும் வாயில் அதே வெற்றிலை.

வீட்டுக்கு வந்து காலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பொழுது சாயப் பேத்தி போன் எடுப்பாள். சொன்னீங்களா என்று கேட்பாள். பொய் சொல்வதா, தலையாட்டியதைச் சொல்வதா?

மிஸ் மேல் டிவிஷனுக்கு ஏறிப் போவது தெரிந்தது. தலைவர் சாப்பிடப் போயிருந்தார். முழங்கால் வலியோடு குறுக்குப் பாதையில் ஏறி, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் போக்குக்குப் பக்கத்தில் மிஸ்ஸைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

"மிஸ், அபே ஏக வரதி" என்றேன். எங்களுடையது பிழை என்று அர்த்தம்.

தலைவர் சொன்னது பிழையா என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார்.

"பிழை" என்றேன். தலைவர் சொன்னதை என் வாய் பிழை என்றது அதுதான் முதல் தடவை. "மலையகத் தமிழர்" என்று தமிழிலேயே இரண்டு தரம் சொன்னேன்.

தூறலில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையிலிருந்த பலகை போன்ற போனில் ஏதோ தட்டினார். "ஹரி அம்மே" என்றார், சரி அம்மா என்று. கீழே தெரிந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தகரங்களைக் காட்டி, எல்லாருக்கும் என்று கையால் வட்டம் போட்டேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். விளங்கித்தான் ஆட்டினாரா, என்னைப் போல ஆட்டினாரா, தெரியாது. எட்டிப் பார்த்தேன். எல்லாம் சிங்கள எழுத்து.

"சொன்னீங்களா அப்பாயி?" என்று பேத்தி கேட்டாள்.

"சொன்னேன்."

"எழுதினாங்களா?"

"எல்லாம் சிங்கள எழுத்து புள்ள" என்றேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. ஞாயிறு என்பது நிச்சயம், தேதி மறந்துவிட்டது. சிங்களம் வாசிக்கத் தெரிந்து, அந்தக் கணக்கைப் பார்க்கக்கூடியவர் யாராவது இதைப் படித்தால், என்னை என்னவென்று எழுதியிருக்கிறது என்று ஒரு தரம் பாருங்கள். மற்றப் பதினொரு காம்பராவையும் சேர்த்துப் பாருங்கள். பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.