திறக்கும் முன் போன் பண்ணு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கரகோலில் எங்கள் வீட்டுக் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்தது. நாற்பது நிமிடம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைத் தின்றார். எண்ணெய்க் கையோடு கீபோர்டைத் தொடாதீர்கள் என்று அதட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

அப்பா முகம்பெத், ஓய்வு பெற்ற பேருந்து நிலைய ஊழியர், வயது எழுபத்தொன்று. அவருடைய பலவீனம் விருந்து அழைப்பு. எங்களூரில் அழைப்பைப் பிரிக்காமல் விடுவது வாசலுக்கு வந்தவரைத் துரத்துவது மாதிரி. இப்போது அழைப்புகள் மின்னஞ்சலிலும் வருகின்றன. வந்ததையெல்லாம் திறந்தார். ஒரே குளிர்காலத்தில் மூன்று வைரஸ். மூன்று முறையும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓடிவந்தேன். நான் வங்கியொன்றில் கணினிப் பாதுகாப்புப் பொறியாளர். நானூறு பேருக்குப் பாடம் எடுத்தவள்.

கடைசியில் ஒரே விதி வைத்தேன்: எதையும் திறக்கும் முன், அனுப்பியவருக்குப் போன் பண்ண வேண்டும்.

அவர் அதையும் விருந்தாக்கிக்கொண்டார். தம்பி முறையான கச்கினோடு ஒருநாள்:

“ஏ கச்கின், நீதான் அனுப்புனியா?”

“நான்தாண்ணே. பேரனுக்குத் தொட்டில் விழா.”

“நெசமா நீதானா? பனியில உன் குதிரை வழுக்கி விழுந்தப்போ யாரு தூக்கிவிட்டா?”

“குதிரை எங்கண்ணே விழுந்துச்சு? நான்தான் விழுந்தேன்!”

“அப்ப நீதான். திறக்கிறேன்.”

என் வங்கியின் அடையாளச் சோதனை இதைவிட மோசம்.

அந்தக் கணினியில் அவர் காத்தது ஒரே கோப்பு, எங்கள் வம்சாவளி. ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரை ஒப்பிக்கத் தெரியாதவனை இங்கே யாரும் மதிப்பதில்லை. அதில் பெண்கள் பெயர் வராது. அப்பா எழுதினார். நாரினில் வாழும் தன் அக்கா சைகாலின் பெயரை, என் பெயரை, எல்லோர் பெயரையும். ஆறு வருடம். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பிரதி எடுத்து வையுங்கள் என்றால், “எடுக்கிறேன்மா, எடுக்கிறேன்” என்பார்.

மார்ச்சில் அப்பாவின் இதயம் நின்றது. நாற்பதாம் நாள் விருந்தில் படிப்பதற்காக அந்தக் கோப்பை அச்செடுக்க உட்கார்ந்தேன். அவர் அஞ்சல் பெட்டியில் கச்கின் பெயரில் புதுக் கடிதம்: விருந்து அழைப்பு. அப்பாவை இன்னும் யாரோ கூப்பிடுகிறார்கள். திறந்தேன். எச்சரிக்கை வந்தது. அதை மூடிவிட்டுத் திறந்தேன்.

ஒரு நிமிடத்தில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. வம்சாவளியும்.

“நானூறு பேருக்குப் பாடம் எடுத்தவளாம்” என்றாள் அம்மா. “உங்கப்பாவா இருந்தா போன் பண்ணியிருப்பாரு.”

“கச்கின் சித்தப்பாதானேன்னு நெனச்சேம்மா.”

“செத்தவருக்கா அவன் அழைப்பு அனுப்புவான்? இங்க வாசல்ல நின்னு ஓன்னு அழுதவன்டி அவன்.”



அம்மா உள்ளே போய் அப்பாவின் கோட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துவந்தாள். உள்ளே பென் டிரைவ். மேலே அவர் கையெழுத்து: ‘சைகால் அக்கா, நாரின். சொருகும் முன் எனக்குப் போன் பண்ணவும்.’

அவருக்குப் பண்ண முடியாது. சைகால் அத்தைக்குப் பண்ணினேன்.

“நெசமா நீ மீரிம்தானா?” என்றாள். பிறகு, “வம்சாவளியில என் பேரும் இருக்காமே? பனி உருகினதும் நானே கொண்டாந்து காட்டறேன்க்கான்னான் உங்கப்பன்.”

வேறு கணினியில் சொருகிப் பார்த்தேன். வம்சாவளி முழுதாக இருந்தது, அத்தையின் பெயரும். பனி உருகிவிட்டது. நாரினுக்கு வண்டி வியாழக்கிழமை. உறை என் கோட்டுப் பையில்.