உளி நிற்கும் நேரம்

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வாசலில் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே சிற்பி என்று போட்டிருக்கிறார்கள். அது உண்மைதான். அவர் கை வைத்த கல் எதுவும் சோடை போனதில்லை. அவர் வேறு எதன் மேலெல்லாம் கை வைத்தார் என்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை.

பின்கட்டில்தான் பட்டறை. உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை எங்களுக்கு நல்ல நேரம். அம்மா சமைப்பாள், நான் வாய்விட்டுப் பாடம் படிப்பேன். சத்தம் நின்றால் அவர் உள்ளே வரப்போகிறார் என்று அர்த்தம். கல்லில் கீறல் விழுந்திருக்கும், இல்லையென்றால் மூக்கு சரியாக அமைந்திருக்காது. அந்தக் கோபத்தைக் கல்லிடம் காட்ட முடியாதே. நாங்கள்தான் இருந்தோம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். அந்தக் கதவு எங்களை ஒருநாளும் காப்பாற்றியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் போவோம்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. ஊரில் கலை ஆர்வமுள்ள சிலர் வீட்டைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். போன மாதம் அங்கே பொறுப்பில் இருக்கும் இளைஞர் போன் செய்தார். அம்மா வந்து அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அதை வீடியோ எடுத்து, பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்களாம்.

அம்மா அவரைப் புகழ்ந்துவிடுவாளோ என்று எனக்கு ஒரு பயம். உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆட்டோவில் போகும்போது, "நல்லதா ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்துடுமா," என்றேன். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே காலை வைத்ததும் பின்கட்டிலிருந்து உளிச் சத்தம் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். இளைஞர் சிரித்தார்.

"பழைய டேப்புல கெடைச்சுது மேடம். ஸ்பீக்கர்ல ஓடிக்கினே இருக்கும். அய்யா இன்னும் உள்ள வேல செஞ்சிக்கினு இருக்கிற மாதிரியே இருக்குது இல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மாவைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே செல்போனைப் பிடித்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவரு கை பட்டா கல்லுக்கு உசுரு வந்துடும்பா," என்று ஆரம்பித்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. வீடு அமைதியானது.

அம்மா எழுந்துவிட்டாள். முட்டி வலியால் சுவரைப் பிடித்து நடக்கிறவள், என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனாள். நானும் போனேன். தலைமை ஆசிரியையாக இருந்து எத்தனையோ பேரை அதட்டியவள், அறுபதை நெருங்குகிறவள், கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஒலிப்பதிவு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. இளைஞர் போனைப் பிடித்தபடியே அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னமா ஆச்சு? ஒடம்புக்கு முடியலயா? அந்தச் சத்தம் தொந்தரவா இருந்தா நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தாதபா," என்றாள் அம்மா. "உளி நின்னா வந்து அடிப்பாரு."

இளைஞருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனை மெல்ல இறக்கினார். "இந்த எடத்த கட் பண்ணிடறேன் மேடம், நீங்க கவலப்படாதீங்க," என்றார் என்னிடம்.

ஆட்டோவில் நான் அம்மாவிடம் கேட்டதும் அதைத்தான். சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மாவின் பிடி இன்னும் தளரவில்லை. மணிக்கட்டு வலித்தது.

"கட் பண்ணாதபா," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

சொன்னதும் என்னையறியாமல் பட்டறைப் பக்கமிருந்த பின்வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.